பெருநாடியின் நெரிசல்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்க உங்களில் பலர் அறிவீர்கள். தொடையின் மேல்மடிப்பிலும் அத்தகைய துடிப்பு ஒன்று உண்டு. பிறந்த குழந்தையிடம் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று என் ஆசிரியர் ஓயாமல் சொல்வார். கையில் துடிப்பு தெளிவாக இருந்து, தொடையில் மெலிந்திருந்தால், இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி நடுவழியில் நெரிந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும்.

கருவிலுள்ள சிசுவுக்கு இக்குறையால் பெரிதும் துன்பமில்லை. நுரையீரலுக்குச் செல்லும் குழாயையும் பெருநாடியையும் இணைக்கும் சிறு கிளை ஒன்று அப்போது திறந்திருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். அதுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை, திடீரென்று மூச்சுத் திணறிச் சோர்ந்துவிடும்.

1944ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்ற அறுவை மருத்துவர், 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நெரிந்த பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். மறு ஆண்டே பாஸ்டனில் ராபர்ட் கிராஸும் இதில் வெற்றி கண்டார். ஆனால் பச்சிளங் குழந்தையின் கதை வேறு. அதன் உடல் வளரும். தையல் போட்ட வளையம் வளராது. அங்கேயே மறுபடியும் நெரிசல் உண்டாகும். ஆகவே 1966இல் வால்ட்ஹவுசன், நார்வோல்டு என்னும் அமெரிக்கர்கள், இடக் கைக்குச் செல்லும் இரத்தக் குழாயைப் பிளந்து, அதையே ஒட்டாக வைத்துப் பெருநாடியை அகலப்படுத்தினர். பக்கக் கிளைகளின் இரத்தத்தால் கை பிழைத்துக்கொள்ளும்; சிலருக்குச் சற்றே குட்டையாவதும் உண்டு. குறுகிய பகுதியைத் தாராளமாக வெட்டி, பெருநாடி வளைவின் அடிப்புறம்வரை சாய்வாகத் தைக்கும் முறையே இன்று பெரிதும் கையாளப்படுகிறது.

1970களில் வந்த புராஸ்டகிளாண்டின் என்னும் மருந்து, மூடத் தொடங்கிய அந்தச் சிறு கிளையைத் திறந்து, குழந்தையைத் தேற்றி அறுவைக்கு அனுப்ப அவகாசம் தருகிறது. புகழில் பாதி இம்மருந்துக்கே உரியது என்பது என் கருத்து.

வேறு இருதயக் குறை இல்லையெனில், வசதியுள்ள மருத்துவமனைகளில் இக்குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாரும் இன்று பிழைக்கின்றனர். மீண்டும் நெரிசல் கண்ட சிலருக்குப் பலூன் கொண்டு அதை விரிக்கிறார்கள். தையல் பழுதின்றி இருப்பவர்களுக்கும் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயரலாம். ஆதலால் வாழ்நாள் முழுவதும் அதை அளந்துவர வேண்டும். பொதுவாக வலக் கையில் அளந்து, காலின் அளவோடு ஒப்பிடுவார்கள். பெருநாடிக்குத் தன் குழாயை ஈந்துவிட்ட இடக் கை, உண்மை அழுத்தத்தைக் குறைத்தே காட்டும்.