கணினி உபதொழில்: நாம் விற்கப்போவது எதை?

(கேரித் தீவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"வேலை முடிந்த பிறகு, மாலை நேரத்தில், சிறிய அளவில் ஒரு கணினித் தொழில் நடத்தலாமா? நடத்தினால் நாலு காசு மிஞ்சுமா?" என்று நம் பிள்ளைகள் பலர் கேட்கிறார்கள். கிராணிமார் சிலரும் கேட்கிறார்கள். நடத்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் நாம் விற்கப்போவது எது என்பதைத் தெரிந்துகொண்டு நடத்த வேண்டும். அதைப்பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், இந்தத் தொழிலுக்குத் தோட்டத்தில் தேவை இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதவும், குடியுரிமைக்கு மனுப் போடவும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி நம் பாட்டன்மார் நடந்தார்கள். இன்று எழுத்து நமக்குத் தெரியும். ஆனால் காகிதம் போய்விட்டது. ஊழியர் சேமநிதிக் கணக்கு கைப்பேசியில் இருக்கிறது. வருமான வரிப் பாரம் கணினியில் இருக்கிறது. அரசாங்க உதவித் தொகைக்கு மனு, பிள்ளையின் மேற்படிப்புக்கு மனு, எல்லாமே அப்படித்தான். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரலை அந்தச் சின்னக் கண்ணாடித் திரை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது!

எனக்குத் தெரிந்த ஒரு தாயார், ஒரே ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்யப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போனார். கூலி முப்பது வெள்ளி. போக வரச் செலவு வேறு. போனது அரை நாள். அதுகூடப் பெரிதில்லை. அவருடைய கடவுச்சொல்லை அந்தக் கடைக்காரர் தம் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டார்! சேமநிதியின் சாவியை அயலான் கையில் கொடுத்துவிட்டு அந்தத் தாயார் பஸ் ஏறி வீடு வந்தார். இந்த வேலையைத் தோட்டத்துப் பிள்ளையே தோட்டத்தில் இருந்து செய்தால் என்ன?

"கேரித் தீவுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்?" என்று எவரும் நகைக்க வேண்டாம். தமிழைக் கணினியில் ஏற்றியவர்களில் முன்னணியில் நிற்கும் முத்து நெடுமாறன் நம் கேரித் தீவில் வளர்ந்தவர். ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன். தமிழில் தட்டெழுதுவதற்கான 'முரசு' மென்பொருளை அவர் 1985-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' ஆயிற்று. கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப வழி செய்த 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. ஆப்பிள் கணினியில் வரும் 'இணைமதி' என்னும் தமிழ் எழுத்தும் அவர் வடித்ததே.

நாம் எல்லோரும் முத்து நெடுமாறன் ஆகிவிட முடியுமா? முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் அவர் வழியில் நமக்கொரு பாடம் இருக்கிறது. பிறர் செய்த இயந்திரத்தை வாங்கி விற்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தம் மக்களுக்கு எது இல்லை என்று பார்த்தார், அதைச் செய்தார். சின்னத் தொழிலுக்கும் அதுவே சூத்திரம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் கிராணி, கணக்கில்லாமல் பேச எனக்குத் தெரியாது. நான் சொல்லும் விலைகள் உதாரணத்துக்காகத்தான். இடத்துக்கு இடம் மாறும். பழைய மடிக்கணினி ஒன்று 1,000 வெள்ளி, மை ஊற்றும் அச்சுப்பொறி 700 வெள்ளி, திருகாணிக் கருவிகள் முதலியன 150 வெள்ளி, பதிவுக் கட்டணம் 60 வெள்ளி. ஆக முதல் 1,910 வெள்ளி.

ஒரு மாதத்தில் 300 பக்கம் அச்சடிக்கிறோம். பக்கத்துக்கு 50 காசு. அது 150 வெள்ளி. 20 பாரம் பூர்த்தி செய்கிறோம்; ஒன்றுக்கு 5 வெள்ளி. அது 100 வெள்ளி. மூன்று கணினிகளைப் பழுது பார்க்கிறோம். ஒன்றுக்குக் கூலி 60 வெள்ளி. அது 180 வெள்ளி. ஆக வரவு 430 வெள்ளி.

நல்ல வரும்படி என்று தோன்றுகிறதல்லவா? செலவைப் பாருங்கள். காகிதமும் மையும் 30 வெள்ளி. இணையக் கட்டணம் 100 வெள்ளி. உதிரிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போய்வரும் பெட்ரோல் 30 வெள்ளி. கணினியும் அச்சுப்பொறியும் மூன்றாண்டு உழைக்கும் என்றால், தேய்மானம் மாதம் 47 வெள்ளி. பதிவுக் கட்டணத்தின் மாதப் பங்கு 5 வெள்ளி. ஆக 212 வெள்ளி. மிச்சம் 218 வெள்ளி.

இத்தோடு கணக்கை மூடிவிடுவோர் உண்டு. அங்கேதான் தவறு! நம் உழைப்பை யார் கணக்கில் எழுதுவது? தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் மாதம் 30 மணி நேரம். 218 வெள்ளியை 30-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 7 வெள்ளி 27 காசு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், மணிக் கூலி 8 வெள்ளி 17 காசு. அதாவது, நம்மை நாமே முதலாளியாக வைத்துக்கொண்டு, சட்டம் சொல்லும் கூலியைக்கூட நமக்கு நாமே கொடுக்கவில்லை!

இதற்கு என்ன செய்வது? அச்சடிக்கும் வேலையைக் குறைத்து, கைத்திறன் வேலையைக் கூட்டுவது. அதே 30 மணி நேரத்தில் 100 பக்கம் மட்டும் அச்சடித்து, ஐந்து கணினிகளைப் பழுது பார்த்தால், வரவு 450 வெள்ளி, செலவு 192 வெள்ளி, மிச்சம் 258 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 60 காசு. போட்ட முதல் ஆறேழு மாதத்தில் திரும்பிவிடும். காகிதம் எவனும் விற்பான். திறமை எல்லோரிடத்திலும் இல்லை.

அந்தத் திறமை எட்டாக்கனி அல்ல. நம்மிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சிலவே. விசிறியில் தூசி அடைத்து இயந்திரம் கொதிப்பது ஒன்று. சுழலும் பழைய வட்டு மெலிந்து, கணினி திறக்கப் பத்து நிமிடம் ஆவது மற்றொன்று. அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வட்டைப் போட்டால் கிழட்டுக் கணினியும் ஓடும். மூன்றாவது, நம் சிலாங்கூரின் இடி மின்னல். வானம் கறுத்ததும் மின் செருகியையும் இணையக் கம்பியையும் பிடுங்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பழுது வராது. "அப்படிச் சொல்லிக் கொடுத்தால் நம் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்காதீர்கள். சொல்லிக் கொடுப்பவனைத் தேடித்தான் ஜனங்கள் மறுபடியும் வருவார்கள்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. "புதிய கணினி வாங்கு" என்று சொல்லுவது வியாபாரிக்குச் சுலபம். ஆனால் பள்ளிப் பாடம் எழுதவும், கடிதம் அடிக்கவும் மட்டும் வேண்டிய குடும்பத்துக்கு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றைப் பழைய கணினியிலேயே போட்டுக் கொடுக்கலாம். திருட்டு மென்பொருளை மட்டும் தொடவே தொடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. மேலும், திருட்டுச் சரக்கோடு வைரசும் ஓசியில் வரும்.

இவற்றைக் கற்றுக்கொள்ள எங்கே போவது? அரசாங்கம் நடத்தும் 'நாடி' என்னும் இணைய நிலையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சமூகக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. கடன் தேவையானால், தெக்குன் நேஷனலில் இந்தியச் சிறு வணிகர்க்கென்றே 'ஸ்புமி' திட்டம் இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் வெள்ளிக்குள் அடங்கும் தொழிலுக்குக் கடன் எதற்கு? கூட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் தொடங்குங்கள். ஆலோங் வாசலை மட்டும் மிதிக்காதீர்கள்.

தோழர்களே! இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். கணினியைப் பழுது பார்ப்பவன் கையில் ஒரு குடும்பத்தின் புகைப்படம் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது. அடையாள அட்டை எண் இருக்கிறது. டாக்டரிடத்திலும் சொல்லாததைக் கணினி அவனுக்குச் சொல்லிவிடும். ஆகவே நாம் விற்பது கணினி அன்று, நம்பிக்கை. அதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

கடவுச்சொல்லை உரியவரே தம் கையால் அடிக்கட்டும். அப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை ஒருபோதும் கேட்கக்கூடாது. அடையாள அட்டையின் நகல் வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்வோரை இதில் கட்டுப்படுத்துகிறது. பழுது பார்க்குமுன் விலையைச் சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எவரேனும் மோசடியில் பணம் இழந்ததாக ஓடி வந்தால், முதல் வேலையாக வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் பேசச் சொல்லுங்கள். அங்கே நிமிடக் கணக்குதான் பணத்தைக் காப்பாற்றும்.

கிராணிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆபீசுக் கணினியும் காகிதமும் நம் உபதொழிலுக்கு அல்ல. தொழிலாளியின் சம்பள விவரம் நம் கையில் இருக்கிறது. அதை வைத்து வாடிக்கை பிடிப்பது துரோகம். ஆபீசில் நம் கடமையாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கு மாலையில் வீட்டில் கூலி வாங்குவதும் அப்படித்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. கடை வைத்துப் பலகை மாட்டுவதானால், கோலா லங்காட் நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ் வேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். புரியாவிட்டால் சங்கத்தில் காட்டுங்கள். தொழில் வருமானம் உள்ளவர்கள் வரிக்கு 'பி' பாரம் அனுப்ப வேண்டும். காகிதத்தில் அனுப்புவோருக்கு ஜூன் 30 கடைசி நாள். கணக்குப் புத்தகத்தை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். உபதொழிலில் விபத்து நேர்ந்தால் உதவ, 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் தனியே பதியலாம்.

கடைசியாக ஒன்று. "மாலையில் சம்பாதிக்கிறீர்களே, சம்பள உயர்வு எதற்கு?" என்று எவரும் கேட்க நாம் இடங்கொடுக்கலாகாது. எட்டு மணி நேர உழைப்புக்குக் குடும்பம் நடத்தும் சம்பளம் வேண்டும் என்பது நம் உரிமை. மாலை நேரத் தொழில் நம் விருப்பம். விருப்பத்தைக் காட்டி உரிமையைக் கழிப்பதற்கு எந்தக் கணக்கும் இடந்தராது.

விடியலில் பிரட்டுக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே இரவு ஒன்பது மணிக்குக் கணினியை அணைத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, வயதானவர்களின் பாரங்களைக் கூலி வாங்காமல் எழுதிக் கொடுங்கள். நாளைக்குத் தோட்டத்தில் ஒரு பாட்டி, "பட்டணத்துக்கு ஏன் போகவேண்டும்? நம்ம பையன் இருக்கிறானே!" என்று சொல்லும்படி நடந்துகொண்டால், அந்தத் தொழில் நிலைக்கும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!