சாட்சிக் கூண்டில் ரோமாபுரி!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய ரோமாபுரியின் வரலாற்றாசிரியர்களைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் புகுந்தவன் நான்; பேராசிரியர்கள் பேச வேண்டிய பொருளைப் பேச வந்திருக்கிறேன். எனினும் அஞ்சவில்லை. நாடகம் எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன பேசப்படுகிறது என்று மட்டும் அவன் பார்ப்பதில்லை. பேசுகிறவன் யார், ஏன் பேசுகிறான், அதே மேடையிலே வாய் திறவாமல் நிற்பவன் யார் என்றும் பார்க்கிறான். அந்தக் கண் இருந்தால் போதும், சரித்திரத்தைச் சரியாகப் படித்துவிடலாம்!

ஆகவே, இன்று இந்த மேடையை நீதிமன்றமாக்குகிறேன். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னே ஏடெழுதியவர்களைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றுகிறேன். தீர்ப்பு வழங்க வேண்டியவர்கள் நீங்கள்.

முதலில் ஒரு நகரத்தின் கதை. கார்த்தேஜ்! ஆப்பிரிக்கக் கரையிலே, கடல் வாணிகத்தால் கொழித்த நகரம். ஹானிபாலை ஈன்ற நகரம். கி.மு. 146-இல் ரோமப் படை அதை அழித்தது. மாடங்கள் எரிந்தன, மக்கள் அடிமைகளாய் விற்கப்பட்டனர். அந்நகரிலே நூல்கள் குவிந்து கிடந்தன. வென்றவர்கள் அவற்றை என்ன செய்தனர் தெரியுமா? ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டனர், ஒன்றைத் தவிர! மாகோ என்பவன் எழுதிய வேளாண்மை நூல், 28 பகுதிகள்; அதை மட்டும் இலத்தீனிலே பெயர்த்தெழுதும்படி செனட் சபை கட்டளையிட்டது. தோற்றவனுடைய நிலத்தை எப்படி உழுவது என்பது வென்றவனுக்குத் தேவைப்பட்டது. தோற்றவனுடைய வரலாறு தேவைப்படவில்லை!

விளைவு? ஹானிபாலின் கதையை இன்று நாம் ரோமனாகிய லிவியிடமும், ரோமப் பெருங்குடியோடு நெருங்கிப் பழகிய கிரேக்கனாகிய பொலிபியஸிடமுமே கேட்க வேண்டியிருக்கிறது. ஹானிபாலுடனேயே இருந்து எழுதிய கிரேக்கர்களும் உண்டு. அவர்தம் நூல்கள் அழிந்தொழிந்தன. வழக்கிலே ஒரு தரப்பின் சாட்சிகள் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சாட்சிகளைத் துரத்திவிடலாமா? கூடாது தோழர்களே, கூடாது! வென்றவன் சொன்னதை அப்படியே நம்புபவன் ஏமாளி. வென்றவன் சொன்னான் என்பதற்காகவே தூக்கி எறிபவன் அவசரக்காரன். கூண்டிலே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்பவனே அறிவாளி!

அழைக்கிறேன் லிவியை. ரோமாபுரி தோன்றிய நாள் தொட்டுத் தன் காலம் வரை, எழுநூறு ஆண்டுக் கதையை 142 பகுதிகளாக எழுதியவர். காலம் நமக்கு விட்டுவைத்தது 35 பகுதிகளே. "ஐயா, பழங்கதைகளுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிறோம். அவர் மழுப்பவில்லை. தொடக்க காலச் செய்திகள் வரலாற்றைவிடக் கவிதைக்கே நெருக்கமானவை என்று ஒப்புக்கொள்கிறார். கால் இனத்தவர் ரோமாபுரியைக் கொளுத்தியபோது பழைய ஆவணங்களிற் பெரும்பகுதி வெந்து போயிற்று என்பதையும் ஆறாம் பகுதியின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். இப்படி எல்லை கட்டிப் பேசும் சாட்சியிடம் நமக்கு மதிப்பு ஏற்படுகிறது. ஆனால், ரோமுலஸை ஓநாய் வளர்த்த கதையைச் சரித்திரமென்று வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் அவர் வாயாலேயே உறுதியாகிறது.

அடுத்து, டாசிட்டஸ். சாதாரணச் சாட்சி அல்ல இவர். செனட் சபை உறுப்பினர், கி.பி. 97-இல் கான்சல் என்னும் உயர் பதவி வகித்தவர். பின்னர் ஆசிய மாகாணத்தை ஆண்டவர். ஆளும் வட்டத்தின் நடுவிலே அமர்ந்து, அந்த வட்டத்தின் அழுக்கை எழுதியவர்! இவர் பேச்சை எப்படிச் சோதிப்பது? பிரான்சு நாட்டு லியோன் நகரிலே, 1528-இல், மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெண்கலப் பலகை வெளிவந்தது. கி.பி. 48-இல் பேரரசன் கிளாடியஸ், கால் நாட்டுத் தலைவர்களையும் செனட் சபையிலே சேர்க்க வேண்டும் என்று வாதாடிய உரை அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. அதே உரையை டாசிட்டஸும் தம் நூலிலே தந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

என்ன தெரிந்தது? சொற்கள் வேறு! கிளாடியஸ் வளைத்து வளைத்துப் பேசியிருக்கிறான். பழைய மன்னர்களின் கதைக்குள்ளே புகுந்து வழி தவறியிருக்கிறான். டாசிட்டஸ் அதைச் சுருக்கினார், செதுக்கினார், கூர்மையாக்கினார். ஆனால் வாதத்தின் முதுகெலும்பை முறிக்கவில்லை. அயலாரை அணைத்ததாலேதான் ரோமாபுரி வளர்ந்தது என்ற கருத்து பலகையிலும் உண்டு, ஏட்டிலும் உண்டு. ஆகவே, பழைய ஏட்டிலே ஒருவர் பேசுவதாக வரும்போது, அந்தச் சொற்களை அவரே சொன்னதாகக் கொள்ளாதீர்கள். கருத்துக்கு வேறு சாட்சி உண்டா என்று தேடுங்கள்.

மண் சொல்லும் சாட்சி நம் நாட்டிலும் உண்டு. கி.பி. 77-இல் தம் 'இயற்கை வரலாறு' நூலை முடித்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இழுத்துக்கொள்கிறது என்று புலம்பினார். முசிறியையும் பாண்டியனையும் மிளகையும் குறிப்பிட்டவர் அவர். அந்தத் தொகையை எண்ணிப் பார்த்தவர் யார்? கணக்கேடு கிடைக்கவில்லை. ஆனால் பொள்ளாச்சியிலும், வெள்ளலூரிலும், கரூரிலும் ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. தொகைக்கு அல்ல, வாணிகத்துக்கு மண் சாட்சி சொல்லிற்று. எதற்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்தறிவதே வரலாற்றறிவு!

மீண்டும் டாசிட்டஸிடம் வருகிறேன். அவருடைய மாமனார் அகிரிகோலா, பிரிட்டனிலே படை நடத்திய தளபதி. மாமனார் புகழ் பாட எழுதிய நூலிலே, எதிரியாகிய கல்ககஸ் என்ற தலைவன் போருக்கு முன் முழங்குகிறான். ரோமப் பேரரசின் பேராசையையும் கொள்ளையையும் அவன் கிழித்தெறிவதைப் போல அந்நாளைய ரோமன் எவனும் எழுதியதில்லை எனலாம்! நாடகக்காரனாகிய நான் சொல்கிறேன்: அது ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனம். மலையடிவாரத்திலே நின்று அதைக் குறிப்பெடுத்த ரோமன் எவனுமில்லை. அப்படியானால் அது பொய்யா? கல்ககஸ் என்ன பேசினான் என்பதற்கு அது சான்று ஆகாது. ஆனால் ஆதிக்கத்தின் உச்சியிலே அமர்ந்திருந்த ஒரு ரோமன், தன் பேரரசைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உணர்ந்திருந்தான் என்பதற்கு, அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை! எதற்கென்று கேட்டால் பயன்படாத சாட்சி, வேறொன்றுக்கென்று கேட்டால் உண்மையைக் கக்கிவிடுகிறது.

இனி, என் நெஞ்சை உலுக்கிய வாக்குமூலத்துக்கு வருகிறேன். ஆண்டு கி.பி. 61. ரோமாபுரியின் நகராட்சித் தலைவன் பெடானியஸ் செகுண்டஸை, அவன் வீட்டு அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். விலை பேசிய பிறகும் விடுதலை தர மறுத்ததால் என்றும், காதற் பகையால் என்றும் இரு காரணங்களை டாசிட்டஸ் கூறுகிறார். அந்நாளைய வழக்கம் என்ன? அதே கூரையின் கீழ் வாழ்ந்த அடிமைகள் அனைவருக்கும் மரண தண்டனை! அவ்வீட்டிலே இருந்தவர்கள் 400 பேர். பெண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, பெரும்பாலோர் குற்றமற்றவர்கள்.

ரோமாபுரியின் ஏழை மக்கள் கொதித்தெழுந்தனர். செனட் சபையை முற்றுகையிட்டனர். உள்ளே காயஸ் காசியஸ் என்ற சட்ட மேதை எழுந்தான். சீசரைக் குத்திய காசியஸின் குடியிலே வந்தவன்! சர்வாதிகாரத்தைச் சாய்த்தவன் என்று போற்றப்பட்டவனின் வழித்தோன்றல், அச்சமே அடிமையை அடக்கும், ஆகவே அனைவரையும் கொல்க என்று வாதாடினான். எழுந்து நின்று மறுத்துப் பேச ஒருவனுக்கும் துணிவில்லை. இரக்கக் குரல்கள் முணுமுணுத்து அடங்கின. கல்லும் தீப்பந்தமும் ஏந்தி மக்கள் மறித்தபோது, நீரோ மன்னன் வழி நெடுகப் போர்வீரர்களை நிறுத்தினான். 400 பேரும் கொல்லப்பட்டனர்.

இங்கேதான் தோழர்களே, நாடகக்காரன் கேட்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். காசியஸின் உரை, வரிவரியாக ஏட்டிலே இருக்கிறது. அந்த 400 பேரில் ஒருவரின் பெயராவது இருக்கிறதா? இல்லை! கொன்றவனின் பெயராவது? அதுவும் இல்லை! உரைக்கு இடம் உண்டு, உயிருக்கு இடம் இல்லை. செனட் உறுப்பினர் எழுதிய சரித்திரம் இது. எனினும், அதே ஆசிரியர் மக்கள் கூடியதை மறைக்கவில்லை. குற்றமற்றோர் கூட்டத்திலிருந்தனர் என்பதை மறைக்கவில்லை. காவலுக்குப் படை வேண்டியிருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த மூன்று சொற்றொடர்களின் இடுக்கிலே, பெயரில்லாத 400 பேரும் இன்றளவும் நின்றுகொண்டிருக்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள்!

கடைசிச் சாட்சி, கூண்டுக்கு வர இயலாதவர். கிரெமுடியஸ் கார்டஸ் என்ற வரலாற்றாசிரியர். அவர் செய்த குற்றம்? முன்னே சொன்னேனே, சீசரைக் குத்திய காசியஸ், அவனை ரோமர்களில் கடைசி மனிதன் என எழுதினார், புரூட்டஸைப் புகழ்ந்தார். அவ்விருவரும் மாண்டு 60 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும், பேரரசன் டைபீரியஸ் காலத்தில், கி.பி. 25-இல், அவர்மீது வழக்குத் தொடுத்தனர். வாதாடிவிட்டு வீடு திரும்பியவர், உண்ணாமலிருந்து உயிர் துறந்தார். அவர் நூல்களை எரிக்கச் செனட் சபை ஆணையிட்டது. எரித்தார்கள்!

ஆனால் அவர் மகள் மார்சியா, சில படிகளைப் பாதுகாத்தாள். டைபீரியஸ் மறைந்து காலிகுலா பட்டத்துக்கு வந்ததும் அந்நூல் மீண்டும் வெளிவர அனுமதி கிடைத்தது, மக்கள் படித்தனர். நெருப்பு தோற்றது; ஒரு பெண்ணின் துணிவு வென்றது!

கதை இத்துடன் முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாம். ஆனால் முடியவில்லை. அந்த நூல் இன்று எங்கே? இல்லை, தோழர்களே! பிறர் எடுத்தாண்ட சில துணுக்குகள் தவிர, அழிந்துவிட்டது. டைபீரியஸின் தீயிலே தப்பியது, பிற்காலத்தார் படியெடுக்காததால் மடிந்தது. அச்சு இல்லாத காலம். படியெடுக்கும் கை ஓய்ந்தால் நூல் மாயும். டாசிட்டஸின் பெருநூலிலே முதல் ஆறு பகுதிகள்கூட, ஒரே ஒரு கையெழுத்துப் படியின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. கார்டஸின் வழக்கை நாம் அறிவதே பெரும்பாலும் அந்தப் படியின் புண்ணியத்தால்தான். யாரோ ஒரு மடத்திலே, யாரோ ஒரு பெயர் தெரியாதவர், குனிந்து அமர்ந்து எழுதியிராவிட்டால், அத்தந்தையின் கதையில் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டியிராது.

எரிப்பவனுக்கு அஞ்சவேண்டாம், எரிப்பவனை ஒரு மார்சியா வென்றுவிடுவாள். படிக்காமல் பரணில் போடுபவனுக்கு அஞ்சுங்கள். அவனை வெல்ல ஆளில்லை! இந்தப் படிப்பகத்தின் அலமாரியிலே நமக்கு உவப்பான நூல்கள் மட்டுமல்ல, நமக்கு ஒவ்வாதவர்கள் எழுதியவையும் இருக்கட்டும். எடுத்துப் படியுங்கள். படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எழுதியவன் யார்? அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஏட்டிலே பெயரில்லாமல் நிற்பவர்கள் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடுபவன் எவனோ, அவனே 400 பேருக்கும் வழக்கறிஞன். அவர்களுக்காக வாதாட அன்று ஒருவனும் எழவில்லை. இன்று நாம் எழுவோம்.