கைமாறாத பணம்



சந்தையில் புழங்குவதற்காகவே பணம் அச்சாகிறது. ஆனால், வாங்கிப் பத்திரப்படுத்துவதற்கென்றே சில நாடுகள் நினைவு நோட்டுகளை வெளியிடுகின்றன. போலந்தின் மத்திய வங்கி 2006 அக்டோபர் 16 அன்று தன் முதல் நினைவு நோட்டை வெளியிட்டது. போப் இரண்டாம் ஜான் பாலின் உருவம் பொறித்த 50 ஸ்லாட்டி நோட்டு அது. 1978இல் அதே தேதியில்தான் அவர் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த நோட்டுகள் சட்டப்படி செல்லும். ஆனாலும் யாரும் இவற்றைக் கடையில் நீட்டுவதில்லை. அச்சிட்ட தொகையைவிடக் கூடுதல் விலை கொடுத்தல்லவா வாங்கியிருக்கிறார்கள்!

இது வீண் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். விஞ்ஞானி மேரி கியூரியின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

வார்சாவில் 1867இல் பிறந்தவர் அவர். அன்று உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. 1898இல் புதிய தனிமம் ஒன்றைக் கண்டறிந்ததும், தாய்நாட்டின் நினைவாக அதற்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். அந்த மகளின் முகத்தைப் போலந்து 1989இல் 20,000 ஸ்லாட்டி நோட்டில் பொறித்தது. அப்போது விலைவாசி தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்தது. 1995இல் பழைய 10,000 ஸ்லாட்டி, புதிய 1 ஸ்லாட்டி என்று அரசு மாற்றியமைத்தபோது, கியூரியின் நோட்டுக்கு 2 ஸ்லாட்டிதான் மிஞ்சியது. பழைய நோட்டுகளை மாற்றிக்கொள்ளத் தந்த கெடுவும் 2010 இறுதியில் முடிந்தது. அதன்பின் அது வெறும் காகிதம்.

அடுத்த ஆண்டே, அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றதன் நூற்றாண்டையொட்டி, 20 ஸ்லாட்டி நினைவு நோட்டு வந்தது. முந்தைய நோட்டைப் போல இதை யாரும் விலைவாசிக்கு ஈடுகொடுக்கச் சொல்லவில்லை. அந்த விஞ்ஞானியை நினைவில் வைப்பது ஒன்றே அதன் வேலை.

புழங்கும் நோட்டில் ஒருவர் முகம் இருப்பது பெரிய மரியாதைதான். ஆனால் நாட்டின் பொருளாதாரம் சரிந்தால் அந்த மரியாதையும் சேர்ந்து சரிகிறது. நினைவு நோட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. அதற்கு வேறோர் ஆபத்து உண்டு: நாளை விலை ஏறும் என்ற ஒரே எண்ணத்தில் வாங்கி, பெட்டியில் பூட்டிவிடுவது. உங்களிடம் அப்படியொரு நோட்டு இருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அதில் இருப்பவர் யார், என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அதற்காகத்தான் அதை அச்சிட்டார்கள்.