கைவிட்டு ஓட்டும் கலை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மிதிவண்டியைக் கைப்பிடி பற்றாமல் ஓட்டும் கலையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். விழா மேடைக்கு இது ஏற்ற பொருளா என நகைக்க வேண்டா. நம் திருவனந்தபுரத்தைச் சார்ந்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. அக்காலத்தில் ராக்கெட்டின் பாகங்களைச் சுமந்ததும் இவ்வெளிய வண்டியே.

அது விழாமல் ஓடுவது எங்ஙனம்? சுழலும் சக்கரங்கள் பம்பரம்போல் நிறுத்துகின்றன என்பர் பலர். டேவிட் ஜோன்ஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர், எதிர்த்திசையிற் சுழலும் வேறொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை நீக்கினார். அப்போதும் வண்டியை ஓட்ட முடிந்தது என 1970 இல் எழுதினார். 2011 இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் பம்பர விளைவே இல்லாத வண்டியொன்றைச் செய்து, ஆளின்றித் தள்ளிவிட்டனர். அதுவும் தானே நிமிர்ந்து ஓடியது.

வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே முன்சக்கரம் திரும்புகின்றது. திரும்பிச் சாய்வைத் தாங்குகின்றது. உண்மை இதுவே. கைப்பிடியைத் திரும்பாதபடி கட்டிவிட்டால் தேர்ந்தவனும் விழுவான்!

ஆகவே, கற்போர் முதலில் கைப்பிடி தடையின்றித் திரும்புகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். சற்று விரைந்து, சீராக மிதித்து, இருக்கையில் நிமிர்ந்தமர்ந்து, பார்வையைத் தொலைவில் நிறுத்துக. விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பழகிய பின்னரே கையை எடுக்க வேண்டும். அதன்பின் இடுப்பின் அசைவே வண்டியைத் திருப்பும். ஆயினும், பிரேக் கைப்பிடியில்தானே உள்ளது? மேடும் பள்ளமுமான இந்நகரச் சாலைகளில் இதனைச் செய்தல் தகாது. ஆளில்லாத சமதரை மைதானமே இதற்கு உரிய இடம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மலையாள மொழியிற் படித்து, மலையாள நண்பரோடு விளையாடும் நம் மக்கள் தமிழை மறப்பரோ என அஞ்சி, நாம் கைப்பிடியை இறுகப் பற்றுகின்றோம். அவர்கள் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பட்டும். வாழும் மண்ணின் மொழியையும் நன்கு கற்கட்டும். ஓடாத வண்டி தானே நிமிர்ந்து நில்லாது. அவ்வோட்டத்தைக் கொடுப்பது நம் கடமை. நாள்தோறும் உணவு வேளையிலேனும் வீட்டில் தமிழ் பேசப்படுமாயின், நாம் கையெடுத்த பின்னும் அவர்கள் தமிழராய் நிமிர்ந்தே செல்வர்.