ஓமந்தூர் உழவர்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1895ஆம் ஆண்டு திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். காங்கிரஸில் சேர்ந்து விடுதலைப் போரில் உழைத்தார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்.

பதவியில் இருந்தது இரண்டே ஆண்டுகள். 1947இலேயே ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் அவ்வாண்டே சட்டத்தால் தடுக்கப்பட்டது. சிபாரிசுக்கு இணங்காதவர் என்று சொந்தக் கட்சியாரே மனத்தாங்கல் கொண்டனர். 1949 ஏப்ரலில் பதவி நீங்கினார். பின்னர் வள்ளலாரின் வடலூரிலே பள்ளிக்கூடம் அமைத்துத் தொண்டு செய்தார். 1970இல் மறைந்தார்.

ஆனால் நம் மனத்தை அதிகம் தொடுவது அவர் ஆட்சியில் வந்த 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமே. 1802 முதல் ஜமீன்தார் என்பவர் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே நின்று வரி வாங்கினார். மழை பொய்த்தாலும் வரி பொய்க்கலாகாது! அந்த நடுவாள் போனார். குடியானவன் பட்டா பெற்று, சர்க்காருக்கு நேரிலே தீர்வை கட்டலானான். கூலிக்கு உழுதவனுக்கு அச்சட்டத்தால் நிலம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கூலி உழவனின் உறவினர்தாமே கண்டிச் சீமைக்குக் கப்பலேறி வந்தார்கள்? கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டினார்கள். அதே 1948இல் இங்கே வந்தது பிரஜாவுரிமைச் சட்டம். இந்நாட்டிலே பிறந்தவர்களையும் அது நாடற்றவர்கள் ஆக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அக்கரையில் குடியானவனுக்குப் பட்டா எழுதப்பட்ட காலத்திலே, இக்கரையில் தோட்டத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமைக் குறையைப் பெரும்பாலும் தீர்த்தது. காணிக் குறை அப்படித் தீரவில்லை. வீட்டுக்கு 7 பேர்ச் என்று திட்டங்கள் வந்தன. ஆயினும் லயத்துக் காம்பராவில் பிறந்து அங்கேயே முதுமை அடைகிறவர்கள் இன்றும் பலர். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துப் பாதைக்குத் தடையின்றிச் செலவிடவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

நம் குண்டசாலையிலே விவசாயப் பாடசாலை இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. ஒன்றிலே கற்று மற்றொன்றிலே அமர நம்மில் ஒருவர் துணிந்தால், அவர் முதலில் கேட்கவேண்டியது காணி உறுதியையா, பாதையையா? பெரியோர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம்.