பீப்பாய் அளந்த ஓவியர்



17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் ஓவியம் ஒரு சந்தைச் சரக்கு. அரசரோ திருச்சபையோ பணம் கொடுத்து வரையச் சொல்வது அங்கே குறைவு. வியாபாரிகளும் கைவினைஞர்களும்கூட வீட்டுச் சுவரில் மாட்டப் படம் வாங்கினார்கள். வாங்குகிறவர்கள் பெருகியதால் வரைகிறவர்களும் பெருகினார்கள். போட்டியில் விலை சரிந்தது. அதனால் ஓவியர்கள் பலர் இன்னொரு பிழைப்பையும் வைத்திருந்தார்கள். யான் ஸ்டேன் மதுக்கூடம் நடத்தினார். யான் வான் கோயன் துலிப் கிழங்கு வியாபாரத்தில் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். இன்று நான் பேசப்போகிற மெய்ன்டெர்ட் ஹொப்பெமாவுக்கு வாய்த்ததோ சர்க்கார் உத்தியோகம்.

1638ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். பதினைந்து வயதில், உடன்பிறந்தார் இருவரோடு அநாதை இல்லத்தில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. பிறகு யாக்கோப் வான் ரைஸ்டாலிடம் தொழில் கற்றார். ஹாலந்தின் நிலக்காட்சி ஓவியர்களில் ரைஸ்டால்தான் தலையாயவர் என்பது என் எண்ணம் மட்டுமல்ல, பலருடைய கணிப்பும்கூட. இந்தப் பையன் சில ஆண்டுகள் தம்மிடம் வேலை செய்து கற்றான் என்று 1660இல் அவரே சான்று கொடுத்திருக்கிறார்.

குருவும் சீடரும் ஒரே இடத்தை வரைந்ததுண்டு. ஜெர்மன் எல்லையை ஒட்டிய டெனகாம்ப் ஊரருகே சிங்ராவன் என்று ஒரு பண்ணை. அங்கே ஓடும் நீரால் சக்கரம் சுழலும் ஆலைகள் உண்டு. ரைஸ்டால் கையில் இயற்கை இறுகிய முகத்தோடு நிற்கும்: கனத்த மேகம், முறிந்த மரம், இடிந்த சுவர். ஹொப்பெமா கையில் அதே காடு வெயில் குடித்துத் தெளிந்துவிடும். ஆலைச் சக்கரமும் ஓட்டுக் கூரையும் மரங்களுக்கிடையே வளைந்து போகும் வண்டித்தடமும் அவருக்குச் சலிக்கவே இல்லை. சில சமயம் பார்க்கிற நமக்குத்தான் சலிக்கிறது. அத்தனை ஆலைகள் வரைந்திருக்கிறார்!

1668இல் கல்யாணம். மணப்பெண் ஏல்ட்யே, ஆம்ஸ்டர்டாமின் மேயர்களில் ஒருவரான லாம்பெர்ட் ரெய்ன்ஸ்ட் வீட்டுச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். கல்யாணமான கையோடு மாப்பிள்ளைக்கு நகரத்தின் வரித்துறையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் மதுப் பீப்பாய்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில் இருக்கும். அவற்றை ஆம்ஸ்டர்டாம் அளவைக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். அப்போதுதான் வரி போட முடியும். அதுதான் ஹொப்பெமாவின் வேலை. அதே மேயர் வீட்டில் வேலை பார்த்த இன்னொரு பெண் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தாராம். அதற்காக ஆண்டுதோறும் 250 கில்டர் அவருக்குத் தருவதாக ஹொப்பெமா எழுதிக்கொடுத்திருந்தார். சிபாரிசுக்கு விலை எல்லாக் காலத்திலும் உண்டு போலும்.

அதற்குப் பிறகு அவர் வரைந்தவை மிகச் சில. வேலை கிடைத்ததும் தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். அந்தக் கதைக்கு இடைஞ்சலாக நின்றது ஒரு படம், மிடல்ஹார்னிஸ் சாலை. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஆண்டு போட்டிருந்தது. ஆனால் மூன்றாவது இலக்கம் சிதைந்திருந்தது. 1669ஆ, 1689ஆ? இருபது வருஷம் பீப்பாய் அளந்த கை இப்படி வரையுமா என்று சந்தேகப்பட்டவர்கள் 1669 என்றார்கள். முடிவு சொன்னவை மரங்கள். தெற்கு ஹாலந்தின் தீவொன்றில் இருக்கிற ஊர் மிடல்ஹார்னிஸ். சாலையின் இருபுறமும் ஆல்டர் மரங்களை நட்டது 1664இல். ஐந்து வருஷக் கன்று அந்த உயரத்துக்கு வளராது. 1689தான் சரி.

வானொலியில் படம் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் ஒரு மண்சாலையின் நடுவில் நிற்கிறீர்கள். சக்கரத் தடம் பதிந்த சாலை நேரே எதிரே ஓடி, ஒரு புள்ளியாய்ச் சிறுத்துப் போகிறது. இரண்டு பக்கமும் ஒல்லியான மரங்கள். கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டதால் உச்சியில் மட்டும் கொத்தாக இலை. தொடுவானம் தாழ்ந்து கிடக்கிறது. படத்தின் பெரும்பகுதி வானம். நாயோடு ஒருவர், தோளில் துப்பாக்கி, நம்மை நோக்கி வருகிறார். வலப்புறத் தோட்டத்தில் ஒருவர் குனிந்து நாற்றுச் செடிகளைக் கவனிக்கிறார். இடப்புறம் தூரத்தில் தேவாலயக் கோபுரம். வலப்புறம் எங்கோ கப்பல்களின் பாய்மரத் தண்டுகள். காடு, ஆலை, ஓடை என்று அவர் கைக்குப் பழகிய எதுவும் இதில் இல்லை. மனிதர் நட்டு, கழித்து, கோடு பிடித்து ஒழுங்காக்கிய நிலம். அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் அளந்து போட்ட சாலை என்று எனக்குத் தோன்றும். கலை விமரிசகர்கள் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது.

எக்ஸ்ரே எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. படத்தின் முன்பகுதியில், சாலைக்கு இருபுறமும் மேலும் ஒவ்வொரு மரம் வரைந்து, பிறகு அவற்றை வானத்தால் மூடியிருக்கிறார். அந்த இரண்டும் இருந்திருந்தால் நாம் ஒரு வாசலுக்கு வெளியே நிற்பது போலிருக்கும். அழித்ததனால் சாலைக்குள்ளேயே வந்துவிட்டோம்.

1704இல் ஏல்ட்யே இறந்தார். 1709 டிசம்பரில் ஹொப்பெமாவும் போனார். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் ஏழைகளுக்குரிய அடக்கம். உத்தியோகம் இருந்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

உள்ளூரில் மறந்துபோனவரைத் தேடி வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துச் சீமான்களின் மாளிகைகளுக்கு அவர் படங்கள் போய்ச் சேர்ந்தன. நாரிச் நகரத்து ஓவியர் ஜான் குரோம் சாகும் தறுவாயில் ஹொப்பெமாவின் பெயரைச் சொல்லி உருகினார் என்றொரு கதை உண்டு. மிடல்ஹார்னிஸ் சாலை, பிரதமராக இருந்த ராபர்ட் பீல் சேகரிப்பில் இருந்து 1871இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்தது. 2017இல் டேவிட் ஹாக்னி அதே மரவரிசையை, மூலைகளை வெட்டிய பல கித்தான்களில் பிரித்துப் போட்டு மறுபடி வரைந்தார். ஒரே கண்ணால், ஒரே இடத்தில் நின்று பார்ப்பதாக வரையும் பழைய முறையோடு அவருக்கு ஆயுட்காலச் சண்டை. அந்தச் சண்டைக்கு அவர் தேர்ந்தெடுத்த எதிராளி ஹொப்பெமாதான். லண்டனுக்குப் போகும் நேயர்கள் அசலைப் பார்க்கலாம். நேஷனல் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.