சித்திரப் படமும் கோடை விடுமுறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே உள்ளது வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் பெயரோடு இணைந்து வரலாற்றில் நிலைபெற்ற ஊர் அது. அங்கிருந்த கோட்டையை நோக்கிப் பதினெட்டாம் நூற்றாண்டில் பீரங்கிகள் முழங்கின. இன்று அங்கே போர் இல்லை. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில், பள்ளிக்கூடங்கள் அடைத்தவுடன், எல்லா ஊர்களையும் போலவே அங்கும் வீடுகளுக்குள் ஒரு சிறு போர் மூளுவதுண்டு. ‘விடுமுறைக்கு எந்தப் படம் பார்ப்பது?’ என்பதே அந்தப் போர்.

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தாத்தா, ஆச்சி, தாய், தந்தை, கல்லூரியில் படிக்கும் மகன், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள். மகள் ஒரு கார்ட்டூன் படத்தின் பெயரைச் சொல்லுகிறாள். “அது சின்னப் பிள்ளைகள் சமாசாரம். பொம்மை ஓடுவதைப் பார்க்கவா இவ்வளவு செலவு?” என்கிறார் தந்தை. அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆறு பேர் பேருந்து ஏறி வெளியூர் போய், டிக்கெட் வாங்கி, இடைவேளையில் முறுக்கும் காப்பியும் வாங்கித் திரும்புவதென்றால் ஒரு நாள் கூலி போதாது. ஆண்டுக்கு ஒரு படம் பார்க்கும் வீட்டில், அந்த ஒரு படம் சோடை போனால் அது சிறிய நஷ்டம் அன்று.

தந்தையின் கேள்வி புதியதும் அன்று. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்பவர் ‘ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ என்ற கதையை முழுநீளச் சித்திரப் படமாக எடுக்க முற்பட்டபோது, திரைத் தொழிலில் இருந்தவர்களே அதனை ‘டிஸ்னியின் மடமை’ என்று எள்ளினார்கள். வரைந்த படத்தைப் பெரியவர்கள் ஒன்றரை மணி நேரம் பொறுமையாகப் பார்ப்பார்களா என்பதே அவர்கள் ஐயம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன; ஒரு நிமிடத்துக்கு 1,440. அந்தப் படமோ 83 நிமிடம். ஏறத்தாழ 1,20,000 படச்சட்டங்களை மனிதக் கை நிரப்பியாக வேண்டும். 1937ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பெரியவர்களும் சிறியவர்களும் ஒருங்கே சிரித்தார்கள். ஒருங்கே கண் கலங்கினார்கள். பின்னர் ஆஸ்கார் குழுவினர் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளும் வழங்கிச் சிறப்பித்தனர்.

நம் நாட்டவருக்கு இதை வெளிநாட்டார் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. தென் மாவட்டங்களின் ஊர்ப் பொட்டல்களில் தோற்பாவைக் கூத்து நடந்த காலத்தை முதியோர் அறிவர். வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கு எரியும். ஆட்டுத் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய இராமனும் இராவணனும் திரையில் அசைவார்கள். பாவைகளை ஆட்டுபவர் ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடிபட்டுச் சிரிப்பு மூட்டுவார்கள். குழந்தைகள் அந்த இருவருக்காக விழித்திருந்தார்கள்; பெரியவர்கள் இராமகாதைக்காக விழித்திருந்தார்கள். ஒரே திரை, ஆனால் அவரவர்க்கு உரிய பங்கு அதில் இருந்தது. குடும்பப் படம் என்பதன் இலக்கணம் இதுவே என்று கொள்ளலாம். குழந்தைக்கு மட்டும் உரியது குடும்பப் படம் ஆகாது. குழந்தையை மறந்ததும் ஆகாது.

தமிழ்த் திரையில் ஏவி.எம். நிறுவனத்தார் 1989இல் வெளியிட்ட ‘ராஜா சின்ன ரோஜா’வில், நடிகர் ரஜினிகாந்தும் குழந்தைகளும் சித்திர விலங்குகளோடு கூடி ஆடிப் பாடினர். கால் நூற்றாண்டு கழிந்து, 2014ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், கோடை விடுமுறையின் நடுவே, ‘கோச்சடையான்’ வந்தது. அதனை இயக்கியவர் சௌந்தர்யா ரஜினிகாந்த், இசை ஏ. ஆர். ரஹ்மான். நடிகர்கள் உடலில் குறிகள் பொருத்திய உடை அணிந்து நடிக்க, அவர்களுடைய அசைவுகளைக் கணிப்பொறி பதிவு செய்து, பின்னர் சித்திர உருவங்களுக்கு ஏற்றியது. 2009இல் காலமான நாகேஷ் அவர்களும் அதில் சித்திர உருவில் தோன்றினார்.

அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துகள் பலவாறு பிரிந்தன. “எங்கள் நடிகரைப் பார்க்க வந்தோம், அவருடைய பொம்மையைக் காட்டினார்கள்” என்றனர் சிலர். “இந்நாட்டில் இப்படி ஒரு முயற்சியா!” என்று வியந்தனர் வேறு சிலர். “உருவம் இருக்கிறது, கண்ணில் உயிர் இல்லை” என்றனர் மற்றும் சிலர். மூன்றும் கருத்துகளே. ஆனால் மூன்றும் ஒரே தன்மையன அல்ல. முதற் கருத்து படத்தைப் பற்றியதன்று; பார்க்க வந்தவருடைய எதிர்பார்ப்பைப் பற்றியது. இரண்டாவது, உழைப்புக்குத் தரும் மரியாதை. மூன்றாவதுதான் திரையில் உள்ளதைக் கண்டு சொன்ன சொல்.

அச்சொல்லுக்குக் காரணமும் உண்டு. கை கால் மூட்டுகளின் அசைவைக் கருவி எளிதில் பற்றிக்கொள்ளும். விழியும் உதடும் நுட்பமாகத் துடிப்பதைப் பற்றுவது அரிது. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1970இல் ஒரு கருத்தை வெளியிட்டார். மனிதனை மிகவும் ஒத்து, ஆனால் முற்றும் ஒவ்வாமல் நிற்கும் உருவத்தைக் கண்டால் நம் மனம் கூசுகிறது என்பது அது. தோற்பாவை மனிதனைப் போல இருக்க முயல்வதில்லை. அதனால் அதை நாம் நம்பிவிடுகிறோம். 1994இல் கையால் வரைந்த ‘லயன் கிங்’ படத்தை 2019இல் கணிப்பொறி கொண்டு உண்மை விலங்குகள் போலவே ஆக்கியபோதும், முகத்தில் பாவம் குன்றிவிட்டது என்று பலர் குறை கூறினர். அதன் தமிழ்ப் பதிப்பில் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பேசிய நகைச்சுவைக்காகவே அதை விரும்பியவர்களும் இருந்தனர். ஒருவர் கண்ணால் கண்டதும் மற்றவர் செவியால் கேட்டதும் வேறு வேறு. இரண்டும் மெய்யே.

கோடைப் படம் என்றால் குளிர்ந்த அரங்கில் இரண்டு மணி நேரம் கழிந்தால் போதும் என்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். பத்து வயதில் விடுமுறையில் பார்த்த படம் எழுபது வயதிலும் நினைவில் நிற்கும். மேலும், நல்ல சித்திரப் படத்துக்கு விடுமுறை ஒன்றே துணை என்பதும் இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், பள்ளிகள் நடந்துகொண்டிருந்த வேளையில், அஸ்வின் குமார் இயக்கிய ‘மகாவதார் நரசிம்மா’ தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியாகிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. பிரகலாதன் கதை நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு மனப்பாடம். தெரிந்த கதைதானே என்று அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. பேரப் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு வந்தார்கள்.

மாணவ நண்பர்களே! சித்திரப் படத்தைச் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று பெரியவர்கள் ஒதுக்கினால், அதற்குப் பொருள் செலவிட யாரும் முன்வரார். திறமை உடையவர் அத்துறைக்கு வரார். பிறகு நம் குழந்தைகள் தங்கள் மொழியில் பிறந்த சித்திரத்தைக் காணாமலே வளர்வார்கள். அவ்வாறே, தமிழில் வந்தது என்பதற்காகவே குறையுள்ளதைப் போற்றினாலும் கலை வளராது. ஆகவே கருத்து வேறுபடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. காரணம் கூறாமல் வேறுபடுவதற்கே அஞ்ச வேண்டும்.

படம் முடிந்து வாசுதேவநல்லூருக்குத் திரும்பும் அந்தக் குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பேருந்தில் தந்தை முதலில் வாய் திறந்து, “படம் சரியில்லை” என்று சொல்லிவிட்டால், மகள் தான் கண்டதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். மகள் முதலில் பேசட்டும். எந்த இடத்தில் சிரித்தாள், எந்த இடத்தில் பயந்தாள் என்று சொல்லட்டும். பிறகு அண்ணன் சொல்லட்டும். தாயும் ஆச்சியும் சொல்லட்டும். தாத்தாவும் தந்தையும் கடைசியில் சொல்லட்டும். ஊர் வந்து இறங்குவதற்குள் அவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆறு பேரும் ஒருவர் கண்ணால் மற்றவர் கண்டதையும் கண்டிருப்பார்கள். கொடுத்த காசுக்கு அதுவே நல்ல பலன்.